உயரம் வந்து சேரும் வரை: பருமனான சின்னக் குழந்தையின் எடையைச் சீராக்குவது எப்படி

வட சென்னையில் தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ இரண்டரை வயதுக் குழந்தையைச் சளிக்காக மருத்துவரிடம் தூக்கிச் சென்ற ஒரு தாய், "சளி சரியாயிடும்மா, பாப்பா வெயிட்டுதான் கொஞ்சம் அதிகமா இருக்கு" என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பினால், அன்று மாலை அந்த வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். "புள்ளைன்னா கொழுகொழுன்னுதான் இருக்கணும், யார் கண்ணு பட்டுச்சோ" என்று ஆயா, அதாவது பாட்டி, உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப்போட உட்கார்ந்துவிடுவார். பயந்துபோன தகப்பனோ, நாளை முதல் குழந்தைக்கு அரை இட்லிக்கு மேல் கிடையாது என்று முடிவு கட்டிவிடுவார். இருவரும் அன்பினால்தான் அப்படி நடந்துகொள்கிறார்கள். ஆயினும் முதல் வழியில் எடை ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது வழியில் வளர வேண்டிய வயதில் குழந்தை பட்டினி கிடக்கும்.

மருத்துவர்கள் இந்த வயதில் எதிர்பார்ப்பது வேறொன்று. ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையின் உடம்பிலிருந்து கிலோ கணக்கில் எடையைக் குறைக்க அவர்கள் முயல்வதில்லை. எடை ஏறும் வேகத்தை மட்டும் தணித்துவிட்டு, உயரம் தன் போக்கில் வளர்ந்து அந்த எடைக்கு ஈடாகும் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். இந்தக் கருத்து மனதில் நன்றாகப் பதிந்துவிட்டால், எதைக் கொடுக்கலாம், எதை நிறுத்தலாம், எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே பிடிபடத் தொடங்கும்.

எடை அதிகம் என்பதை எதைக் கொண்டு அறிவது

கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதும் பயன்படாது. பக்கத்து வீட்டுக் குழந்தை எடை குறைவாக இருக்கலாம். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 3.4 விழுக்காட்டினர் உயரத்துக்கு மீறிய எடை கொண்டவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இந்த இரண்டாவது எண் 2.1ஆக இருந்தது. வியாசர்பாடியின் ஒரே சந்தில் இந்த இரண்டு வகைக் குழந்தைகளும் ஒன்றாக விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

அளவுகோலாக இன்று பயன்படுவது உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம். இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து அது வரையப்பட்டது. இந்தியாவிலிருந்து அளக்கப்பட்டவர்கள் டெல்லிக் குழந்தைகள். அந்தப் படத்தின் நடுவே ஓடுவது நடுக்கோடு. அதற்கு மேலே +1, +2, +3 என்று கோடுகள் அடுக்காக இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் 'உயரத்துக்கேற்ற எடை' +2 கோட்டைத் தாண்டினால் எடை அதிகம் என்றும், +3 கோட்டைத் தாண்டினால் உடல் பருமன் என்றும் கொள்வார்கள். +1க்கும் +2க்கும் இடைப்பட்ட இடம் கவனமாக இருக்க வேண்டிய இடம்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. நாம் பால்வாடி என்று சொல்லிப் பழகிய அங்கன்வாடி மையங்கள், 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ், எடை குறைந்த குழந்தைகளைக் கண்டுபிடிப்பதையே நெடுங்காலம் முதற்கடமையாகக் கொண்டிருந்தன. அதனால் 'வயதுக்கேற்ற எடை'ப் படமே நம் வீடுகளுக்கு மிகவும் பழக்கமானது. அந்தப் படத்தில் பச்சைப் பகுதியில் புள்ளி விழுந்தால் தாய்மார்கள் நிம்மதியடைகிறார்கள். ஆனால் ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்று உயரமாகவும் மற்றொன்று குட்டையாகவும் இருக்க, இரண்டும் 15 கிலோ என்றால், அந்த 15 கிலோவின் பொருள் இருவருக்கும் வெவ்வேறு. அதை வயதுப் படம் காட்டாது. ஆகவே உயரத்தையும் அளந்து, உயரத்துக்கேற்ற எடையைப் பார்த்துச் சொல்லுமாறு கேட்க வேண்டும். அங்கன்வாடியிலும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைக் கேட்கலாம்.

அளவு சரியாக எடுக்கப்படுவதும் முக்கியம். இரண்டு வயது நிறையாத குழந்தையைப் படுக்கவைத்து நீளம் அளப்பார்கள். நிறைந்த பிறகு நிற்கவைத்து உயரம் அளப்பார்கள். படுக்கவைத்து அளக்கும்போது ஏறத்தாழ 0.7 செ.மீ. கூடுதலாக வரும் என்பதால், முறை மாறிப்போனால் கணக்கும் மாறிப்போகும். செருப்பு, கனத்த உடுப்பு, ஈரமான டயப்பர், வெள்ளிக் கொலுசு, அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு முறையும் கூடியவரை அதே எடைக் கருவியில் நிறுத்துவது நல்லது.

மெலிவது நோயல்ல

பிறந்த குழந்தை ஒரே ஆண்டில் தன் எடையை மூன்று மடங்காக்கி, 25 செ.மீ. அளவுக்கு வளர்கிறது. இரண்டாம் ஆண்டில் அந்த வேகம் திடீரென்று குறைந்து, இரண்டு அல்லது இரண்டரை கிலோ மட்டுமே ஏறுகிறது. அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு கிலோவை ஒட்டிய ஏற்றமே இயல்பு. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. நம் வீடுகளில் "ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டா, இப்ப வாயே திறக்க மாட்டேங்குறா" என்ற கவலை பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது.

அதோடு, உடம்பின் கொழுப்பும் ஒரே அளவில் இருப்பதில்லை. உயரத்தோடு ஒப்பிடும்போது குழந்தை மிகவும் உருண்டையாக இருப்பது ஏறத்தாழ ஒன்பது மாதத்தில். அங்கிருந்து ஐந்து, ஆறு வயது வரை அது மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வர வேண்டும். கன்னம் வற்றுவதும், தொடை மடிப்பு மறைவதும், ஓடும்போது விலா எலும்பு லேசாகத் தெரிவதும் வளர்ச்சியின் ஒரு பகுதி. இதை "புள்ள இளைச்சுப் போச்சு" என்று தவறாகப் புரிந்துகொண்டு, குறைந்துபோன பசிக்கு மேல் பாலையும் சத்துப் பானத்தையும் ஊற்றி ஈடுகட்ட முயலும்போதுதான் பல குழந்தைகள் +2 கோட்டைத் தாண்டுகின்றன என்பது என் கருத்து. பசியின்மை என்று வீட்டார் வருந்தும் குழந்தையே எடை கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஒரு கணக்கு

இரண்டரை வயதுப் பெண் குழந்தை ஒன்று 90 செ.மீ. உயரமும் 16 கிலோ எடையும் கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த உயரத்துக்கு நடுக்கோடு பன்னிரண்டரை கிலோவை ஒட்டியும், +2 கோடு 15 கிலோவை ஒட்டியும் இருக்கும். ஆகவே இந்தக் குழந்தைக்கு எடை அதிகம். இப்போது இதன் உடம்பிலிருந்து ஒரு கிலோவைக் கூடக் குறைக்க வேண்டாம். ஓராண்டில் அது 8 செ.மீ. வளர்ந்து 98 செ.மீ. ஆகும்போது, எடை அரை கிலோ மட்டும் கூடி பதினாறரையில் நின்றால் போதும். 98 செ.மீ. உயரத்துக்கு +2 கோடு பதினேழரையை ஒட்டி இருப்பதால், குழந்தை ஒரு கிராம் கூட இளைக்காமலேயே அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடும். மறு ஆண்டு இன்னும் கீழே வரும்.

எடையை முற்றிலும் நிறுத்திவைப்பதா, மெதுவாக ஏறவிடுவதா என்பதைக் குழந்தையின் வயதையும் புள்ளி விழுந்த இடத்தையும் பார்த்து மருத்துவர் சொல்வார். பெற்றோர் தாமாகவே பட்டினி போடக் கூடாது என்பதற்கு உறுதியான காரணம் உண்டு. இந்த வயதில் மூளை வேகமாக வளர்கிறது; அதற்குக் கொழுப்பும் இரும்புச்சத்தும் புரதமும் தேவை. எண்ணெயே இல்லாத சமையலும், கொழுப்பு முழுதும் நீக்கிய பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உரியவை அல்ல. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் குடிக்கலாம். எடையைக் காரணம் காட்டித் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை.

பாட்டிலில் போகும் பால்

எங்கிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டால், தட்டைத் தொடுவதற்கு முன் பாட்டிலைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 1000 கலோரி போதும். காலையில் எழுந்ததும் ஒரு பாட்டில், பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, தூங்கும்போது ஒன்று என்று நான்கு முறை கால் லிட்டர் வீதம் பால் கொடுத்தால், அது ஒரு லிட்டர். ஆவின் பச்சை நிறப் பாக்கெட்டில் 4.5 விழுக்காடு கொழுப்பு இருக்கிறது. அந்தப் பால் தண்ணீர் கலக்காமல் ஒரு லிட்டர் என்றால் 700 கலோரிக்கு மேல் ஆகும். பாட்டிலுக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால், எட்டுத் தேக்கரண்டிக்கு மேலும் 160 கலோரி. நாள் முழுதுக்குமான தேவையில் பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பங்கு, ஒரு வாய் சோறு கூட உண்ணாமலேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தக் குழந்தை சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் வியப்பில்லை. ஆரஞ்சுப் பாக்கெட் என்றால் கொழுப்பு 6 விழுக்காடு. கணக்கு இன்னும் மேலே போகும்.

ஒரு வயது கடந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 400 முதல் 500 மி.லி. பால் போதுமானது. அதற்கு மேல் போனால் எடை ஏறுவதோடு இரும்புச்சத்துக் குறைவும் வரும். பாலில் இரும்பு மிகக் குறைவு, பால் நிறைந்த வயிற்றில் கீரைக்கும் மீனுக்கும் பருப்புக்கும் இடமில்லை. பருமனான குழந்தைக்கு இரத்தச் சோகை இருக்க முடியும் என்பதைப் பலர் நம்புவதில்லை. உண்மையில் இரண்டும் சேர்ந்தே வருவதுண்டு. நீலப் பாக்கெட்டைச் சிலர் 'சத்து எடுத்த பால்' என்று ஒதுக்குகிறார்கள். அதில் 3 விழுக்காடு கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு முழுதும் நீக்கிய பால் அது இல்லை. பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

பாட்டிலை விடுவது எளிதன்று, ஆனால் முடியும். ஒரு வயது முதல் ஒன்றரை வயதுக்குள் டம்ளருக்கு மாறிவிடுவது நல்லது. தாமதமாகியிருந்தால் இன்று தொடங்கலாம். முதலில் பகல் பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சின்ன டம்ளருக்கு மாற்ற வேண்டும். பாட்டிலில் குடிக்கும் குழந்தை வாய் ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டம்ளரில் குடிக்கும் குழந்தை போதும் என்று தானே வைத்துவிடும். சர்க்கரையை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு சண்டை போடாது. இரவுப் பாட்டிலைக் கடைசியாக வைத்துக்கொண்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை 30 மி.லி. அளவாகப் பாலைக் குறைத்து, கடைசியில் ஒரு மடக்குத் தண்ணீரோடு முடிக்கலாம். தண்ணீரைக் கலந்து பாலை நீர்க்கச் செய்வதைவிட அளவைக் குறைப்பதே சரி. நான்கு ஐந்து இரவுகள் அழுகை இருக்கும். சுவர் ஒட்டிய வீடுகளில் அந்த அழுகை பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். "பால் கூடக் குடுக்காம அழ விடுறாளே" என்ற பேச்சு வரும். முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவைத்துவிட்டால் தாய்க்கு மனத்திடம் குறையாது. பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும் பழக்கம் முன் பற்களைச் சொத்தையாக்குகிறது என்ற காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் ஆயாக்கள் சீக்கிரம் ஒப்புக்கொள்கிறார்கள்.

பாலை அடுத்து வருவது டீ. காலையில் தாத்தாவோடு டீக்கடைக்குப் போய், அவர் டம்ளரிலிருந்து ஊற்றிய அரை டம்ளர் டீயில் பொறையையோ வர்க்கியையோ பன்னையோ நனைத்துத் தின்பது எங்கள் பக்கத்தில் குழந்தைகளின் தினசரி வழக்கம். டீயில் குழந்தைக்குத் தேவையான எதுவும் இல்லை. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதையும் தடுக்கிறது. தாத்தாவோடு போகும் அந்த நடை மட்டும் நல்லது, அது தொடரட்டும்; கையில் ஒரு வாழைப்பழமோ வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற இட்லித் துண்டோ இருக்கட்டும்.

ரோஸ் மில்க், பாதாம் பால், பாக்கெட் பழச்சாறு, சோடா ஆகியவை இந்த வயதுக்கு வேண்டாதவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இனிப்பூட்டிய பானங்களைக் கொடுக்கவே கூடாது என்கிறது. வீட்டில் பிழிந்த சாறும் பழத்துக்கு ஈடாகாது. சாத்துக்குடியைச் சுளையாக உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் குழந்தை, மூன்று பழத்தின் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிடும். பாலில் கலக்கும் மால்ட் பானங்களை வாங்கும்போது, பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் சர்க்கரை அளவைப் படித்துப் பாருங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு நல்ல உணவு. அதில் வெல்லம் ஏற்கனவே சேர்ந்திருக்கிறது. கூடுதலாகச் சர்க்கரை போடாமல், ஒரு வேளைச் சிற்றுணவுக்குப் பதிலாக அதைக் கொழுக்கட்டையாகவோ கஞ்சியாகவோ கொடுக்கலாம்.

தட்டில் எவ்வளவு, யார் முடிவு செய்வது

எந்த உணவு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பதைப் பெரியவர் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்ய வேண்டும். குழந்தை ஊட்டல் குறித்து நான் அறிந்தவற்றில் இதைவிடப் பயனுள்ள விதி வேறில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. எதைத் தின்பது என்பதைக் குழந்தை ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டைச் சுட்டிக்காட்டி முடிவு செய்கிறது. எவ்வளவு தின்பது என்பதை, கிண்ணத்தோடு தெருமுனை வரை பின்தொடர்ந்து, நாயையும் லாரியையும் காட்டி "இன்னும் ஒரே வாய்" என்று ஊட்டும் பெரியவர் முடிவு செய்கிறார்.

சிறு குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்ததை அறியும் திறமை பிறவியிலேயே உண்டு. தலையைத் திருப்புவதும், வாயை மூடிக்கொள்வதும், கவளத்தைத் துப்புவதும் அதன் மொழி. கையில் செல்போனைக் கொடுத்து ஊட்டும்போது அந்த மொழி அடங்கிப்போகிறது. திரையில் கண் பதிந்திருக்கும் குழந்தை தன் வயிற்றைக் கவனிப்பதில்லை. ஆகவே சாப்பாட்டு நேரத்தில் போனும் டிவியும் வேண்டாம். தரையில் பாய் விரித்து, வீட்டாரோடு சேர்ந்து, தன் தட்டில் தன் கையால் பிசைந்து தின்னட்டும். பாதி கீழே சிந்தும். துடைத்துக்கொள்ளலாம்.

அளவு பற்றித் தெரியாமல் தவிப்பவர்களுக்கு ஒரு தோராயக் கணக்கு உதவும். ஒவ்வொரு வகை உணவிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் முதலில் வையுங்கள். இரண்டு வயதென்றால் இரண்டு கரண்டி சோறு, இரண்டு கரண்டி பருப்பு, இரண்டு கரண்டி காய். இன்னும் கேட்டால் காயிலிருந்து தொடங்கி மறுபடியும் வைக்கலாம். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு சிற்றுணவு, மற்ற நேரத்தில் தண்ணீர் மட்டும் என்ற ஒழுங்கு வந்துவிட்டால், கொறித்துக்கொண்டே இருப்பதால் ஏறும் எடை நிற்கும்.

உணவின் தரத்தில் வட சென்னைக்கு ஒரு கொடுப்பினை உண்டு. காசிமேட்டுக்கு வந்திறங்கும் மீனில் நெத்திலியும் சங்கராவும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடியவை. முள்ளைக் கவனமாக எடுத்துவிட்டு, காரம் குறைத்த குழம்பிலோ, மீன் புட்டாகவோ கொடுத்தால் புரதம் நிறையக் கிடைக்கும். வறுத்த மீனை விட்டுக் குழம்பு மீனுக்கு மாறுவது எண்ணெயைக் கணிசமாகக் குறைக்கும். முட்டை, பருப்பு, கீரை, சுண்டல் எல்லாம் நல்லவை. கொண்டைக்கடலையை நன்றாக மசித்தே கொடுக்க வேண்டும். வேர்க்கடலை, முழுத் திராட்சை, பொரிவகைகள் இந்த வயதில் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் ஆபத்துள்ளவை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைக் குழந்தைக்கு மட்டும் மறுக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று கரண்டியும், ஒரு துண்டுக் கறியும், பக்கத்தில் வெள்ளரிக்காயும் வைத்தால் அதுவும் ஒரு வேளைச் சாப்பாடுதான். வீட்டில் எல்லாரும் பஜ்ஜி தின்ன, குழந்தை மட்டும் ஆப்பிள் தின்ன வேண்டும் என்ற ஏற்பாடு ஒரு வாரம் கூட நிலைக்காது. மாற்றம் வீடு முழுவதற்கும் பொதுவாக வர வேண்டும்.

இரவு பத்தரை மணி

எம்.சி. சாலைத் துணிக்கடைகளில் வேலை செய்யும் தாய்மார்களும், துறைமுகத்திலும் லாரி செட்டிலும் முறைவேலை பார்க்கும் தகப்பன்மார்களும் வீடு திரும்ப இரவு பத்து மணிக்கு மேலாகிவிடும். எட்டு மணிக்கு ஆயாவிடம் சாப்பிட்ட குழந்தை, அவர்கள் வரும் வரை தூங்காமல் டிவி முன் காத்திருந்து, பத்தரை மணிக்கு அவர்களோடு இரண்டாவது முறை சாப்பிடுகிறது. கையில் வரும் பொட்டலத்தில் பரோட்டாவோ கேக்கோ இருக்கும். நாள் முழுதும் பிள்ளையைப் பார்க்காத ஏக்கம் அந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இந்த இரண்டாவது சாப்பாடும், அதனால் கெடும் தூக்கமும் எடை கூடுவதற்குப் பெரிய காரணங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதலின்படி, ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கம் உட்பட 11 முதல் 14 மணி நேரமும், மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை. தூக்கம் குறைந்த குழந்தை மறுநாள் சிணுங்கும். சிணுங்கலை நிறுத்த மறுபடியும் பாலோ பிஸ்கட்டோ கைக்குப் போகும்.

பெற்றோரின் வேலை நேரத்தை மாற்ற முடியாத வீடுகளில், குழந்தை ஒன்பது மணிக்குத் தூங்கிவிடட்டும். காலை ஆறரையிலிருந்து எட்டு வரையுள்ள நேரத்தைத் தாயும் தகப்பனும் பிள்ளைக்கென்று ஒதுக்கட்டும். குளிப்பாட்டுவதும், இட்லி ஊட்டுவதும், கடைக்குத் தோளில் தூக்கிச் செல்வதும் அந்த நேரத்தில் நடக்கட்டும். கையில் ஏதாவது வாங்கி வந்தே ஆக வேண்டும் என்றால், ஒரு கொய்யாப்பழமோ ரப்பர் பந்தோ வாங்கி வரலாம்.

ஓடுவதற்கு இடம்

இந்த வயதுக் குழந்தைக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று கிடையாது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது, விட்டுவிட்டேனும், ஓடியாடி நகர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே மேற்சொன்ன வழிகாட்டுதலின் சாரம். ஒரு வயதில் திரையே வேண்டாம். இரண்டு வயதுக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும் என்றும் அது சொல்கிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் ஆய்வுகள், இந்தியக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் தசையைவிடக் கொழுப்பை ஒப்பளவில் அதிகமாகக் கொண்டு பிறக்கிறார்கள் என்று காட்டியிருக்கின்றன. தசை வளர ஓட்டமும் ஆட்டமும் உதவுவதால், நம் பிள்ளைகளுக்கு விளையாட்டு இன்னும் அவசியமாகிறது.

கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைகளை ஒட்டி வாழ்பவர்கள் குழந்தையைத் தெருவில் விட அஞ்சுவது நியாயம். ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா இருக்கிறது. திருவொற்றியூர்க்காரர்களுக்குக் கோயில் பிரகாரமும் கடற்கரையும் இருக்கின்றன. கைப்பிடிச் சுவர் உயரமாக உள்ள மொட்டை மாடியில், பெரியவர் ஒருவர் உடனிருந்தால், மாலை ஐந்து மணிக்கு மேல் அரை மணி நேரம் பந்து உருட்டலாம். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் மழைநீர் தேங்கும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே தலையணை மேல் ஏறி இறங்கலாம், காய்ந்த துணியை அலமாரி வரை சுமந்து செல்லச் சொல்லலாம். கானா பாட்டை ஒலிக்கவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பெரும்பாலான குழந்தைகளுக்கு எடை கூடுவதற்கு நோய் காரணமாக இருப்பதில்லை. பருமனாக இருந்தும் வயதுக்கேற்ற உயரத்தோடு அல்லது அதைவிட உயரமாக இருக்கும் குழந்தையைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். எடை ஏறிக்கொண்டே போக உயரம் மட்டும் நின்றுவிட்டால், தைராய்டு உள்ளிட்ட சுரப்பிக் கோளாறுகளைச் சோதிக்க வேண்டும். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி, தாமதமான பேச்சு அல்லது நடை, கழுத்து மடிப்பில் கருத்துத் தடித்த தோல், வளைந்த கால், குறட்டையோடு இடையிடையே மூச்சு நின்று திணறும் தூக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலும் இதற்குரிய பிரிவுகள் உண்டு.

எண்ணூர், மணலிப் பக்கத்தில் மூச்சிளைப்பால் (வீசிங்) அவதிப்படும் குழந்தைகள் இருக்கும் வீடுகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இளைப்புக்கு வாய்வழியாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தை, மருத்துவர் எழுதித்தந்த பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்தால், பசியும் எடையும் கூடும், உயர வளர்ச்சியும் தடைப்படும். அதற்காக எந்த மருந்தையும், குறிப்பாக உறிஞ்சும் மருந்தை (இன்ஹேலர்), தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால் போதும்.

வீட்டில் அன்றாடம் எடை பார்ப்பதால் பயன் எதுவும் இல்லை. வயிற்றுப்போக்கோ, ஒரு வேளைச் சாப்பாடோ எடையைச் சற்று ஏற்றி இறக்கிவிடும். குழந்தையின் காதுபட 'குண்டு', 'பூசணிக்காய்' என்று செல்லமாகக் கூட அழைக்க வேண்டாம். இரண்டரை வயதில் அந்தச் சொல் அதற்கு நன்றாகவே புரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையையும் உயரத்தையும் சேர்த்து அளந்து, தாய் சேய் நலப் புத்தகத்தில் நாளோடு குறித்து வையுங்கள். முதல் மூன்று மாதத்தில் உயரம் இரண்டு செ.மீ. கூடி, எடை அப்படியே நின்றிருந்தால், பாட்டிலை எடுத்ததன் பலன் அந்தத் தாளில் தெரியும். எடை ஒரு கிலோ கூடியிருந்தால், குழந்தையின் தட்டைச் சுருக்காமல், பகலில் அதைப் பார்த்துக்கொள்பவர் யார், அந்த நேரத்தில் டம்ளரில் என்ன போகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து கேட்டு, அடுத்த மூன்று மாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.